கார் கதவுக்குள் மழை பெய்யத்தான் செய்யும்

பழைய கார் வாங்குவதாக இருந்தால் மே மாதத்தில் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு குடம் தண்ணீரோடு போய்ப் பாருங்கள்.

நான் வெறுங்கையோடு போனேன். அக்னி நட்சத்திர வெயில். எட்டு வருஷம் ஓடிய ஒரு சின்னக் கார். விளக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று நின்றது. உள்ளே உட்கார்ந்ததும் மல்லிகை வாசம். இன்ஜினைக் கேட்டேன், டயரைக் குனிந்து பார்த்தேன், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் புரட்டினேன். ஏசி சில்லென்று அடித்தது. கதவு 'டப்' என்று மூடியது. அந்தக் கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பரை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாற்பத்தோரு டிகிரி வெயிலில் மழையைப் பற்றி யாருக்கு ஞாபகம் வரும்?

ஐப்பசி பிறந்தது. முதல் பெருமழை ஒரு ராத்திரி முழுக்கப் பெய்தது. காலையில் மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினோம். பின் சீட்டில் ஏறியவள், "அப்பா, ஷூ நனைஞ்சிடுச்சு" என்றாள்.

"தண்ணில ஏன் மிதிச்ச?"

"நான் எங்க மிதிச்சேன்? கார்லதான் தண்ணி இருக்கு."

மேட்டைத் தூக்கினேன். இடது பக்கப் பின்சீட்டுக்கு முன்னால் கார்பெட் சொதசொதவென்று இருந்தது. அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வருகிறது. கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக வியர்த்திருந்தன. மல்லிகை எங்கோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் மூன்று நாள் வாளியிலேயே கிடந்த ஈரத் துணியின் வாடை. அந்த மல்லிகை எதை மூடி வைத்திருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காருக்குள் தண்ணீர் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். அடுக்குமாடி வாட்ச்மேன், ஆபீஸ் நண்பர், மச்சான் என்று எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "பீடிங் போயிருக்கும்." கதவு திறப்பைச் சுற்றி உடம்போடு மாட்டியிருக்கும் ரப்பருக்கு நம் ஊரில் பீடிங் என்றுதான் பெயர். சரி, போனால் மாற்றிவிடலாம் என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். கார் உதிரிபாகங்கள் வாங்கச் சென்னையில் எல்லோரும் போகிற தெரு. கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்டார். கம்பெனி பீடிங் வர நாலு நாள் ஆகும், 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்கிற வகை மீட்டர் கணக்கில் இப்போதே கிடைக்கும் என்றார். நாலு நாளில் மழை வந்துவிடுமே. மீட்டர் கணக்கில் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். பழைய பீடிங் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. புதியதும் அழகாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் கதவு மூடவில்லை. புது ரப்பர் பழையதைவிடப் பருமன். ஓங்கி அறைந்தால்தான் லாக் விழும். இரண்டு நாள் கழித்து மாடி வீட்டு அக்கா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா? அண்ணன் தினமும் காலைல கதவை அறைஞ்சிட்டுப் போறாரே" என்று விசாரித்திருக்கிறார்.

அடுத்த மழையில் கார்பெட் மறுபடி நனைந்தது.

இதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பாத்ரூம் ஓரங்களில் அடிக்கிற சிலிக்கான் டியூப் ஒன்று வீட்டில் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியின் வெளி ரப்பர் கொஞ்சம் விரிந்திருந்த இடத்தில் அதைப் பிதுக்கினேன். அதோடு விட்டேனா? கதவின் அடி விளிம்பைத் தடவிக்கொண்டே போனபோது விரலில் ஓர் ஓட்டை தட்டுப்பட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. 'ஓகோ, ரோட்டுத் தண்ணி இது வழியாத்தான் தெறிச்சு உள்ள வருது' என்று துப்பறிந்துவிட்ட பெருமையோடு ஒவ்வொன்றாக அடைத்தேன்.

அதற்கடுத்த மழையில் கார்பெட் நனைந்ததோடு, ஜன்னலும் பாதியில் நின்றுவிட்டது.

தெரிந்தவர் ஒருவர் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பாயிடம் அனுப்பினார். அறுபது வயதைத் தாண்டியவர். கதவு, கண்ணாடி, லாக் வேலை மட்டும்தான் செய்வார். நான் என் கதையை ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் பின்கதவைப் பாதி திறந்து, இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினார். உள்ளே 'சளக் சளக்' என்றது. இளநீரைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்.

"தம்பி, இந்த ஓட்டைய யாரு அடைச்சது?"

நான் பதில் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு ஒரு சைக்கிள் ஸ்போக் வாங்கி, அடியில் குத்தினார். சிலிக்கான் பிய்ந்தது. செந்நிறத் தண்ணீர் இரண்டு மக்கு இருக்கும், கீழே கொட்டியது. துருவும் தூசியும் கலந்த தண்ணீர்.

"தண்ணி கதவுக்குள்ள போறது தப்பில்ல தம்பி. வெளிய வராததுதான் தப்பு."

முப்பது வருஷமாகக் காரில் ஏறி இறங்குகிறேன். எனக்கு இது தெரியாது. ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் அந்தப் பிளவின் இரண்டு பக்கமும் ரப்பர் உதடுகள் இருக்கின்றன. அவை தண்ணீரை வழித்துவிடுமே தவிர, தடுத்து நிறுத்தாது; நிறுத்துவதற்காக வைத்ததும் இல்லை. மழை பெய்தால் கண்ணாடியோடு ஒட்டி வழிகிற தண்ணீரில் ஒரு பங்கு கதவின் வயிற்றுக்குள் இறங்கியே தீரும். புதுக் காரிலும் இதேதான். இறங்கிய தண்ணீர் வெளித் தகட்டின் உட்புறமாக ஓடி, அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாகத் தரையில் சொட்டவேண்டும். அவ்வளவுதான் கணக்கு. மொட்டை மாடியில் மழை விழுவதை யாரும் குறை சொல்வதில்லை. மழைநீர்க் குழாயில் பந்தோ, பிளாஸ்டிக் பையோ அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கும். நான் என் மாடிக் குழாய்க்கு நானே சிமெண்ட் பூசியிருந்தேன்.

ஆனால் கேள்வி தீரவில்லை. நான் ஓட்டையை அடைப்பதற்கு முன்னாலும் கார்பெட் நனைந்ததே, அது எப்படி?

பாய் டோர் பேடைக் கழற்றினார். நாம் கை வைத்துக்கொள்ளும் உள்பக்க பிளாஸ்டிக் பலகைக்கு டோர் பேட் என்று பெயர். நாலு ஸ்க்ரூ, சுற்றிலும் கிளிப்பு. அதற்குப் பின்னால், கதவின் உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். மோட்டாரையும் லாக்கையும் மாட்டுவதற்காக விட்டவை. அந்த ஓட்டைகளை எல்லாம் மூடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கவேண்டும். மழைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் உண்மையான சுவர் அந்த ஷீட்தான். என் கதவில் அது வட்டமாகக் கத்தரிக்கப்பட்டு, மிச்சம் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டு, டேப்பும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வட்டத்தின் நடுவில் ஒரு பெரிய ஸ்பீக்கர்.

முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பிரியர். கடையில் ஸ்பீக்கர் மாட்டியவர்கள் அவசரத்தில் ஷீட்டைக் கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவுக்குள் வழிகிற தண்ணீர் அந்தக் கிழிசல் வழியே உள்பக்கம் தாண்டி, டோர் பேடின் முதுகில் ஓடி, அதன் அடியிலிருந்து படியின் மேல் சொட்டுகிறது. இதில் கவனிக்கவேண்டியது, அது சொட்டும் இடம் பீடிங்குக்கு உள்பக்கம். உலகத்திலேயே உசத்தியான பீடிங்கை மாட்டினாலும் இந்தத் தண்ணீரைத் தடுக்க முடியாது, ஏனென்றால் தண்ணீர் பீடிங்கைத் தாண்டவே இல்லை. பக்கத்து வாசல் வழியாக வந்துவிட்டது. பழைய காரில் கதவோரம் மட்டும் கார்பெட் நனைகிறது, ஜன்னல் ரப்பரும் பீடிங்கும் பார்க்க நன்றாகவே இருக்கிறது என்றால், முதல் சந்தேகம் இந்த ஷீட்டின் மேல்தான் விழவேண்டும். யாராவது ஸ்பீக்கர், பவர் விண்டோ மோட்டார், சென்ட்ரல் லாக் என்று எப்போதாவது அந்தப் பேடைக் கழற்றியிருப்பார்கள்.

கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைப் பழையதன் அளவுக்கு வெட்டினார். ஒட்டுவதற்கு பியூட்டைல் டேப். கறுப்பாக, மாவு மாதிரி பிசுபிசுவென்று இருக்கும், வருஷக்கணக்கில் காயாது. பியூட்டைல் கிடைக்கவில்லை என்று இரட்டைப்பக்க டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். ஒரே கோடையில் கழன்றுவிடும். ஷீட்டின் அடி விளிம்பை வெளியே விடாமல், உள் தகட்டில் இருக்கும் பிளவுக்குள் செருகினார். ஓட்டு வீடு வேய்கிறவர்கள் மேல் ஓட்டைக் கீழ் ஓட்டின் மேல் படிய வைப்பார்களே, அதே சூத்திரம். ஷீட்டில் வழியும் தண்ணீர் மறுபடி கதவின் வயிற்றுக்குள்ளேயே விழவேண்டும். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு சின்னக் கூரை மாதிரி மடித்தும் விட்டார்.

மோட்டார் பிழைத்துக்கொண்டது. கனெக்டரில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டதும் ஜன்னல் ஏறியது.

பிறகு என் மீட்டர் பீடிங்கை இழுத்துக் குப்பையில் போட்டார். "பழசு எங்க?" என்றார். நல்லவேளை, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று என் மனைவி அதைச் சுருட்டிப் பரணில் வைத்திருந்தாள். மறுநாள் கொண்டுபோனேன். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் நன்றாகவே இருந்தது. உள்ளே இருக்கும் உலோக எலும்பு ஓரிடத்தில் மட்டும் விரிந்திருந்தது; அதைக் கையால் நெருக்கினார். கார் உடம்பின் தகட்டு விளிம்பும் ஏறி இறங்குகிறவர்கள் மிதித்து ஓரிடத்தில் வளைந்திருந்தது. அதை ரப்பர் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, இரண்டு முனையும் சேரும் இடம் கீழே படிப்பக்கம் வரும்படி மாட்டினார். மேலே சேர்த்தால் அந்த இணைப்பே தண்ணீருக்கு வாசலாகிவிடும். கதவு பழையபடி 'டப்'.

பீடிங் உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுக்கச் சொன்னார். நோட்டு கொஞ்சம் அடம்பிடித்து வந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் நசுங்கிப் போயிருக்கிறது, அல்லது கதவே கீழே இறங்கியிருக்கிறது. அரை அடிக்கு ஒரு தரம் என்று சுற்றிலும் பாருங்கள். இன்னொரு வழி, ரப்பர் முழுக்க முகப் பவுடரைத் தடவி, கதவை மூடித் திறப்பது. கதவுத் தகட்டில் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரப்பர் தொடவில்லை. புது பீடிங் தேவைதான் என்று முடிவானால் அந்த வண்டிக்கென்று வார்த்த பீடிங்கையே வாங்குங்கள். நாலு நாள் காத்திருப்பது நல்லது. மாடி வீட்டு அக்காவுக்கும் நல்லது.

தண்ணீர் விட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரவேண்டும், இன்னொருவர் தோட்டத்துக் குழாயில் மெல்ல விடவேண்டும். கீழிருந்து மேலே. முதலில் படி, சில நிமிஷம் கழித்துக் கதவின் நடு, பிறகு ஜன்னல் அடி, கடைசியில் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது வாசல் என்றே தெரியாமல் போய்விடும். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னை வைத்துச் சோதிக்காதீர்கள். அந்த வேகத்தில் நல்ல ரப்பரும் வழிவிடும்.

கதவு சரியாயிற்று. கார்பெட்? அதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் பஞ்சும் நுரையுமாக ஒரு மெத்தை இருக்கிறதே, அது தண்ணீரை விடாது. பாயின் பையன் சீட்டைக் கழற்றிக் கொடுத்தான். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தெரியாமல் இழுக்கக்கூடாது, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தெரிந்தவர்தான் தொடவேண்டும். கார்பெட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்தோம். பழைய தினத்தாள்களைக் கசக்கித் திணித்து, நனைய நனைய மாற்றினேன். மழை விட்ட நாளில் நாலு கதவையும் திறந்து போட்டு டேபிள் ஃபேன். பார்க்கிங்கில் போகிறவர்கள் எல்லாம் காருக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மெத்தை காயாதவரை கண்ணாடி வியர்ப்பதும் நிற்காது. பகல் வெயிலில் கார்பெட்டின் ஈரம் ஆவியாக எழும்புகிறது. ராத்திரி கண்ணாடி குளிர்ந்ததும் அதன்மேல் படிகிறது. விடிந்ததும் வழிந்து மறுபடி கீழே. காருக்குள்ளேயே ஒரு தனிப் பருவமழை. காலையில் துணியால் துடைத்துக்கொண்டிருப்பது தற்காலிக நிம்மதி. ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சீக்கிரம் தெளியும். ஏசி குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து வெளியே விடுகிறது. ஒன்றில் மட்டும் குழம்பாதீர்கள். சென்னை மழைக்காலத்தில் ஏசியை ரொம்பக் குளிராக வைத்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படியும். உள்ளே துடைத்துத் துடைத்துப் பார்ப்பீர்கள், போகாது. வைப்பரை ஒரு தட்டுத் தட்டி, ஏசியின் குளிரைக் குறைத்தால் போதும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வாரத்தில், மழையே இல்லாத ஒரு நாள், முன் இடது பக்கம் காலடியில் ஈரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் போனிலேயே சொல்லிவிட்டார்: "மழை இல்லாத நாள்ல தண்ணின்னா அது ஏசி தண்ணி தம்பி." ஏசி பிழிந்த தண்ணீர் வெளியே போகும் சின்னக் குழாயில் தூசி அடைத்திருந்தது. ஊதிவிட்டதும் சரி. அதே இடத்தில் தண்ணீர் பிசுக்காக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட், உடனே காட்டவேண்டும். மழை நாளில் மட்டும் நனைந்தால் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் அடியில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். நான் ஒரு கூடை சருகு அள்ளினேன். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளில் இருக்கும் வடிகால் குழாய்களும் இதே ஜாதிதான்.

டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில், லனெத்லி ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்விளக்கின் ரப்பர் கிழிந்திருந்தால் அந்தக் குழி ஒரு குட்டை ஆகிவிடும். கொசு ஒழிப்புக்கு வருகிற மாநகராட்சி ஊழியர்கள் பூந்தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். டிக்கியைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

ரப்பருக்குச் செய்யவேண்டிய பராமரிப்பு அதிகம் இல்லை. பெரும்பாலும் இ.பி.டி.எம். என்கிற வகை, வெயிலையும் மழையையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது. கிரீஸ், டீசல், இன்ஜின் ஆயில் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும், பிறகு ஊதித் தளர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவினால் போதும், வருஷத்துக்கு இரண்டு முறை. ஜன்னல் கண்ணாடி ஓடுகிற சேனலுக்குள் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். அதில் மணல் சேர்ந்தால்தான் கண்ணாடியில் நெட்டுக்குத்தாகக் கீறல் விழும், மோட்டாரும் முக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மணலை எடுத்துவிட்டு அங்கேயும் அதே ஸ்ப்ரே.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். என் கார் நனைந்த கார். மூழ்கிய கார் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. அந்தப் பயத்தில்தான் 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் மேலேயே வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூழ்கியதை ரப்பர் மாற்றிச் சரிசெய்ய முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சேற்றுக் கோடு தெரிந்தால், சீட்டு போல்ட்டுகளில் துரு இருந்தால், சீட் தண்டவாளத்தின் இடுக்கில் வண்டல் படிந்திருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மல்லிகை வாசம் தூக்கலாக இருந்தால் இரண்டு முறை முகருங்கள்.

பாய் மொத்தமாக வாங்கிக்கொண்டது 1,400 ரூபாய். மீட்டர் பீடிங்குக்கே நான் அதைவிட அதிகம் அழுதிருந்தேன்.

அடுத்த மழைக்கு முன்னால், ஒரு ஞாயிறு காலையில், ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு உங்கள் காரின் அடியில் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கதவின் கீழ் விளிம்பிலும் ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். என் காரில் கதவுக்கு மூன்று. இடது பின்கதவின் நடு ஓட்டையில் மட்டும் என் சிலிக்கானின் மிச்சம் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.